உறைந்த கதவு

தகேஸோவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் குச்சிகளால் பிடித்துத் தூக்கிய, எரிந்து மிஞ்சிய அப்பாவின் கால் எலும்பு, சாம்பல் ஜாடிக்குப் போகும் வழியில் நழுவி இரும்புத் தட்டில் விழுந்து இரண்டாக உடைந்தது. தட்டு இன்னும் அனல் விட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் பிடி தளர்ந்திருந்தது பாதி துக்கத்தால். மீதி, காலையிலேயே வெறும் வயிற்றில் இறங்கிய அரிசி மது சாக்கேயால்.

"ஒழுங்காப் புடிடா. உங்கப்பன் கை இரும்பு. உனக்கு மட்டும் எங்கேர்ந்து இந்த வெண்ணெக் கை வந்துச்சு?" என்றார் சித்தப்பா.

தகேஸோ உடைந்த இரண்டு துண்டுகளையும் பொறுக்கி ஜாடிக்குள் போட்டான். திட்டை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்ப்பதை அவன் நாற்பது வருஷமாகப் பழகியிருந்தான்.

காலில் தொடங்கி மேலே போய்த் தொண்டை எலும்பில் முடிக்க வேண்டும். இடுப்பைத் தாண்டிக் கைக்கு வந்ததும் சித்தப்பா நிறுத்தினார். சுண்ணாம்புத் துண்டுகளாகக் கிடந்த விரல் எலும்புகளைக் குச்சியால் காட்டி, சுற்றி நின்ற சொந்தக்காரர்களிடம், இந்தக் கைதான் ஜப்பான் முழுக்கக் கேட்ட கை என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அம்மா மட்டும் குச்சியைத் தொடவில்லை. அவள் வலது மணிக்கட்டு என்றோ முறிந்து கோணலாகச் சேர்ந்தது. சோற்றைக்கூடக் கரண்டியால்தான் எடுப்பாள். அதை முறித்த கை இப்போது தட்டில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாளா, அதைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாளா என்று மகனுக்குத் தெரியவில்லை. அம்மா தோமி எதைப் பார்க்கிறாள், எதை நினைக்கிறாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை.

அப்பா மிகாமி இவமாட்சு செத்ததும் சண்டையில்தான். முந்தாநாள் மத்தியானம், சாக்கே சூடாக இல்லை என்று கிண்ணத்தை மனைவி மேல் எறிந்தார். எறிந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆப்பிள் கொட்டகைக் கூரையில் பனி தள்ளிக்கொண்டிருந்த மகனையும் ஒரு பாட்டம் திட்டலாம் என்று வெளியே வந்து, வீட்டுக் கூரைச் சரிவுக்கு நேர்கீழே நின்றார். குளிர்காலத்தில் அங்கே நிற்கக் கூடாது என்பது ஜப்பானின் வடக்கே எங்கள் ட்சுகாரு பக்கத்தில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். கோபம் வந்துவிட்டால் இவமாட்சுவுக்குத் தான் நிற்கிற இடம் தெரியாது. 'சோம்பேறி நாயே' என்று அவர் தொடங்கினார். அந்தக் குளிர்காலம் முழுக்கக் கூரையில் கெட்டித்துக் கிடந்த பனி ஒரு சுவர் போல மொத்தமாக இறங்கியது. தகேஸோ மண்வாரியால் தோண்டினான், பிறகு கையால் தோண்டினான். முகம் வெளியே வந்தபோது வாய் திறந்தே இருந்தது. பாதித் திட்டுதான் வெளியே வந்திருந்தது. மீதி இடத்தைப் பனி அடைத்திருந்தது.

அன்று மாலை ஒஸாகாவில் ஒரு நாடக அரங்கில் பாடிக்கொண்டிருந்த அக்காவைத் தொலைபேசியில் பிடித்தான். கினு அழவில்லை. எப்படி என்று கேட்டாள். சொன்னான். மறுமுனையில் சிரிப்பு போல ஒரு மூச்சு வந்தது.

"தகேஸோ, நான் வர்றவரைக்கும் பெட்டி மூடியில ஆணி அடிக்க விடாத. எனக்கு அந்த மூஞ்சி வேணும். ஒரே ஒரு தடவ அறைஞ்சுட்டுப் போயிடறேன். கண்விழிப்பு எப்ப?"

"நாளன்னிக்கு சாயந்தரம்."

"அதுக்கு முன்னாடி வந்துடுவேன். மொகம் பாக்க நேரம் இருக்கும்ல?"

"ம்" என்றான் தகேஸோ.

அந்த ஒரு 'ம்'மில்தான் எல்லா வினையும் இருந்தது. தோக்கியோவிலும் ஒஸாகாவிலும் பிணத்தை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பார்கள், மறுநாள் சடங்கு முடித்துக் கடைசியில்தான் எரிப்பார்கள். எங்கள் பக்கம் முதலில் தீ. கண்விழிப்புக்கு வருகிறவர்கள் எலும்புப் பெட்டியைத்தான் கும்பிடுவார்கள். அக்கா ஊரைவிட்டுப் போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறது, அவளுக்கு அது மறந்துபோயிருக்கிறது என்று அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்தது. புரிந்தும் அவன் 'ம்' என்றான்.

கினு பதினேழு வயதில் ரயிலேறியவள். இடப்புருவத்தில் தையல் பிரிக்காமலே போனாள். பத்துப் பன்னிரண்டு வருஷம் மதுக்கடைகளில் அடுத்தவர் பாட்டைப் பாடினாள். துறைமுகத்தில் மழை, கைவிட்ட காதலன், கையில் கோப்பை என்று உருகி உருகிப் பாடும் என்கா பாட்டுக்காரிகளுக்குத் தோக்கியோவில் பஞ்சமே இல்லை. இசைத்தட்டுக் கம்பெனி அவளைக் கழற்றிவிட இருந்த நேரத்தில், கடைசியாக ஒன்று என்று சண்டை போட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்தாள். வயலின்களைப் பின்னால் தள்ளினாள். நாய்த்தோல் போர்த்திய எங்கள் ஊர் மூன்று நரம்பு ஷாமிசெனையும் மூங்கில் குழலையும் திருவிழா முரசையும் முன்னால் கொண்டுவந்தாள். குரல் வருவதற்கு முன்பே நரம்பை மீட்டும் கட்டை ஷாமிசென் தோலில் இறங்கும். இரண்டு அடி. ஒரு மூச்சு நேரம் ஒன்றும் இராது. பிறகு மூன்றாவது அடி, முதல் இரண்டையும் விழுங்குகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் குழல், அதற்கும் பிறகுதான் அவள், பனியில் உறைந்துபோன கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சத் தொடங்குவாள்.

'உறைந்த கதவு' அந்தக் குளிர்காலத்தில் நாட்டையே தூக்கிக்கொண்டு போனது. காதலன் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டுகிறாள் என்று எல்லோரும் எழுதினார்கள்.

தகேஸோ அதை முதலில் கேட்டது ஆப்பிள் கட்டும் கொட்டகை வானொலியில். கையிலிருந்த பெட்டி அவன் காலிலேயே விழுந்தது. கதவைத் தட்டுகிற சத்தமா அது? அது அவன் வீட்டுச் சத்தம். அப்பா எப்போதும் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்துவார். முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று முகத்தை மறைத்த கை இறங்கும். அப்போதுதான் மூன்றாவது விழும். அக்காவின் புருவம் கிழிந்ததும், அம்மாவின் மணிக்கட்டு போனதும், தகேஸோவின் கடைவாய்ப் பல் தெறித்ததும் அந்த மூன்றாவதில்தான். அக்கா அதை அப்படியே, இடைவெளி பிசகாமல் எடுத்து உலகத்தின் முன் வைத்துவிட்டாள். அன்று தகேஸோவின் மனதுக்குள் ஒரு வெறி கொண்ட சந்தோஷம் இருந்தது.

ஆனால் இவமாட்சு அதை எப்படிக் கேட்டார் தெரியுமா? அவரும் விருந்துகளில் ஷாமிசென் வாசிக்கிறவர். மதுக்கடையில் பாட்டைக் கேட்டதும் எழுந்து நின்று, 'இது என் கை, என் பொண்ணு என் கையத் திருடிட்டா' என்று கண்ணீர் விட்டார். கடைக்காரன் அன்று அவரிடம் காசு வாங்கவில்லை. ஊரும் நம்பியது. தினமும் சாயந்தரம், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில், ஊர் ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டின் தொடக்கத்தைப் போடத் தொடங்கினார்கள். அக்கா தொலைபேசியில் 'அந்தாளு கேட்டானா?' என்று கேட்டபோது தகேஸோ நடந்ததைச் சொன்னான். தொலைபேசியை எதன் மேலோ ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு என்று அவள் வீசிய கல் அவர் கழுத்தில் மாலையாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கினுவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த அடி யாருடையது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

ஜாடியை உள்ளே வைத்த எலும்புப் பெட்டி வீட்டுக்கு வந்து, வெள்ளைத் துணி சுற்றிப் படத்தின் முன்னால் வைத்தாகிவிட்டது. வெளியே தரைப்பனியைக் காற்று வாரி இறைத்ததில் எதிர்வீடு தெரியவில்லை. டாக்ஸி பெரிய சாலையிலேயே நின்றுவிட, கினு கறுப்புக் கிமோனோவில் முழங்கால் பனியில் நடந்து வந்தாள். வாசலில் நின்றவர்கள் வரிசையாகக் குனிந்து வணங்கினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கூடத்துக்குள் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"பொணப்பொட்டி எங்க?" என்றாள்.

"காலையிலயே ஆச்சும்மா. உக்காரு, கால் வெறைச்சிருக்கும்" என்றாள் அம்மா.

கினுவுக்கு அப்போதுதான் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. முகம் வெளுத்து மறுபடி சிவந்தது. தம்பியைப் பார்த்தாள். அப்பாவின் ஆப்பிள் மரங்களைப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு எழுந்து போனாள். தகேஸோ பின்னால் போனான்.

கொட்டகைக் கதவைச் சாத்தியதும் முதல் அறை விழுந்தது. அடுத்து முஷ்டி. பிறகு பெட்டியிலிருந்து பிடுங்கிய ஒரு பலகைச் சட்டம். ஆப்பிள்கள் காலடியில் உருண்டன. அவள் முறையில்லாமல், குறியில்லாமல், தோள் தலை முதுகு என்று பார்க்காமல் அடித்தாள். தகேஸோ கையைத் தூக்கவில்லை. தொடையோடு சேர்த்து அழுத்தி வைத்துக்கொண்டான். உதடு கிழிந்து ரத்தம் வந்தபோதுதான் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எனக்கு மறந்துபோச்சுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே எரிச்ச."

"நீ பொணத்த அறைஞ்சுட்டு ரயிலேறிடுவ. அம்மா இந்த ஊர்லதான இருக்கணும்."

"அம்மாவுக்காகத்தான்டா அறையணும்னேன்."

"அம்மா கேட்டாங்களா?"

கினு பலகையைக் கீழே போட்டாள். கைக்குட்டையை எடுத்து அவன் மேல் எறிந்தாள்.

"சரி, மூஞ்சி போச்சு. பாட்டு இருக்கு. எப்படியும் பாடச் சொல்லுவாங்க. பாடறேன். பாடி முடிச்சுட்டு, அந்த மூணு அடி யாரு யார அடிச்சதுன்னு ஊர வெச்சுக்கிட்டுச் சொல்றேன். நாளைக்குச் சடங்குக்கு எத்தன பேரு வர்றாங்கன்னு பாப்போம்."

அவன் வேண்டாம் என்றான். இன்னொரு தடவையும் சொன்னான். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கூந்தலைச் சரிசெய்தாள். தகேஸோவுக்குப் பயமாக இருந்தது. சொல்லித் தொலைக்கட்டும் என்றும் உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் சொந்தக் குரலாக இருந்ததுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவன் அவன். காரணம் கேட்டால் மரங்களைக் காட்டுவான். தன் கைக்குள் என்ன உறங்குகிறது என்று தெரியாமல் ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்துவர அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

குருக்கள் மந்திரம் ஓதி முடித்து, காற்று இன்னும் முற்றும் முன்பே கிளம்பிவிட்டார். கூடத்தில் இரண்டு வரிசையாக ஊர் உட்கார்ந்தது. ஊறுகாய் முள்ளங்கி, வேகவைத்த கிழங்கு, ஹெர்ரிங் மீன், கணப்பில் சூடாக்கிய சாக்கே. செத்தவனைப் பற்றி யார்தான் கெடுதலாகப் பேசுவார்கள்? கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்றார் ஊர்த் தலைவர் குடோ. குடித்தால்தான் கொஞ்சம் முன்னே பின்னே, மற்றபடி தங்கம் என்றாள் அவர் மனைவி. தகேஸோவின் உதட்டைப் பார்த்த ஒருவர், பனியில் வழுக்கிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றான்.

"அடிக்கிற கைதான் அணைக்கும்" என்றார் சித்தப்பா. "அந்தக் கை அடிச்சு வளத்ததாலதான் இவ இன்னிக்கு இந்த உசரத்துல நிக்கிறா. இல்லையாம்மா கினு?"

கினு சிரித்தாள். மேடையில் சிரிக்கிற சிரிப்பு அது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. தலைவர், அப்பாவின் ஆத்மாவுக்காக ஒரே ஒரு தடவை என்று கைகூப்பினார். சித்தப்பா உள்ளே போய் அண்ணனின் ஷாமிசெனை எடுத்துவந்து கினுவின் மடியில் வைத்தார்.

அவள் வெள்ளைப் பெட்டிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தாள். நரம்புகளைத் திருகிச் சுதி சேர்த்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் அம்மா தேநீர்ப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகளுக்கான புன்னகை ஒன்று அவள் முகத்தில் காலையிலிருந்தே இருந்தது. கினு கட்டையை ஓங்கினாள். அவள் கண்ணில் இருந்ததைத் தகேஸோ முன்பு ஒரே ஒருவர் கண்ணில்தான் பார்த்திருக்கிறான்.

இரண்டு அடி விழுந்தது. கூடம் மூச்சை அடக்கியது.

அந்த மூச்சு நேரத்தில் அம்மாவின் வலது கை மேலே போனது. முழங்கை முன்னால் வந்தது. கோணல் மணிக்கட்டு நெற்றிக்கு எதிரே நின்றது. தலை தோளுக்குள் புதைந்தது. மூன்றாவது அடி விழுந்ததும் உடம்பு ஒருமுறை உதறியது. பிறகு கை தானாக இறங்கித் தேநீர்ப் பாத்திரத்தின் பிடியைத் தேடியது. புன்னகை அப்படியே இருந்தது. அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஊர் முழுக்கப் பாட்டுக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்தவர்கள் இரண்டே பேர்.

கினு பாட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கண் பொய் சொல்லியிருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, கட்டையை எடுத்து மறுபடி தொடங்கினாள், இந்தமுறை மெல்ல. இரண்டு. இடைவெளி. அம்மாவின் கை மறுபடி எழுந்தது. மூன்றாவதை அடிக்காமல் கினு நிறுத்தினாள். வராத அடிக்காக அந்தக் கை காத்துக்கொண்டே இருந்தது.

தகேஸோவுக்கு ஊர் ஒலிபெருக்கி நினைவுக்கு வந்தது. தினமும் சாயந்தரம், சரியாக அந்த நேரத்துக்கு முன்னால் அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போவாள். அரிசி களைய வேண்டும் என்பாள், அடுப்பைப் பார்க்க வேண்டும் என்பாள். மகள் பாட்டைக் கேட்கக்கூட இவளுக்குப் பொறுமை இல்லை என்று அப்பா கேலி செய்வார். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். கடையில், பேருந்தில், மருத்துவமனையில், திருவிழாவில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் எத்தனை ஆயிரம் தடவை அந்த அடி அவள்மேல் விழுந்திருக்கும். அப்பா வயதாகித் தளர்ந்து அடிப்பதைக் குறைத்த பிறகும், ஒருநாள்கூட நிற்காமல்.

கினுவின் கையிலிருந்து கட்டை பாய்மேல் விழுந்தது. அவள் முகத்தில் பவுடரைக் கரைத்துக்கொண்டு கண்ணீர் இறங்கியது. பழைய தழும்பு வெளியே தெரிந்தது.

"பாத்தீங்களா, பெத்த பாசம்" என்றாள் தலைவரின் மனைவி.

"அழாதம்மா. நாங்க கூட இருக்கோம்" என்றார் சித்தப்பா. பெரிய மேடைகளில் பாடகி தடுமாறும்போது கூட்டம் கைதட்டித் தூக்கிவிடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர் அவர். இரண்டு தட்டுத் தட்டினார், நிறுத்தினார், மூன்றாவதைப் பலமாகத் தட்டினார். தலைவர் சேர்ந்துகொண்டார். பிறகு அந்த வரிசை, எதிர் வரிசை. பாட்டு ஊருக்கே மனப்பாடம். ஒருவர்கூடத் தாளம் தப்பவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை உள்ளங்கைகளும் ஒன்றாக அறைந்தன. நிறுத்தின. அறைந்தன. அம்மாவின் கை எழுந்தது, இறங்கியது, எழுந்தது. பிறகு இறங்கவே நேரமில்லாமல் முகத்துக்கு எதிரே பாதியில் நின்றுவிட்டது. கிமோனோவின் கை விலகி, அந்த மெலிந்த முன்னங்கை வெளியே தெரிந்தது.

கினு எழ முயன்று முடியாமல் தம்பியைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. நிறுத்தச் சொல்லு என்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

தகேஸோ எழுந்தான். மேசையைக் கவிழ்க்க வேண்டும், சித்தப்பாவின் வாயில் குத்த வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. கை தானாக முஷ்டியானது. கல்லாக இருந்தது. அது யாருடைய கை என்று அவனுக்குத் தெரிந்தது. நகம் உள்ளங்கையில் பதியப் பதிய ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். சித்தப்பாவின் முன்னால் போய் மண்டியிட்டு, தட்டிக்கொண்டிருந்த அவருடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்து அழுத்தினான்.

சித்தப்பா திகைத்தார். பிறகு உதடு துடிக்க அழத் தொடங்கினார். தகேஸோ அடுத்தவரிடம் நகர்ந்தான். தலைவரின் கைகளைப் பிடித்தான். அவர் தரையைத் தொடுமளவு குனிந்து, இதெல்லாம் எங்கள் கடமை என்றார். அவர் மனைவியின் கைகளை, அவளுக்கு அடுத்தவரின் கைகளை. இவமாட்சுவின் மகன் ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வருகிறான் என்று நினைத்து, அவன் வரும் முன்பே சிலர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கைகளை நீட்டிக் காத்திருந்தார்கள். ஒரு வரிசை ஓய்ந்தது. எதிர் வரிசையில் தாளம் மெலிந்தது. அவன் முழங்காலாலேயே நகர்ந்து போனான்.

கடைசியாகக் கதவோரம் பக்கத்து வீட்டு ஷிகே அத்தை. காது மந்தம். மற்றவர்கள் நிறுத்தியது தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு தனியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டிவிட்டு அவள் நிறுத்திய நேரத்தில் தகேஸோ அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணைத் திறந்தாள்.

"பாட்டு முடிஞ்சிருச்சாப்பா?"

"முடிஞ்சிருச்சு அத்த" என்றான் தகேஸோ.

அவள் கைகளை அவன் விடவில்லை.